பெரியவள் நடக்காத நடை

மாடியில் சின்னவள் கயிறு தாண்டுவது, கீழே படுத்திருக்கும் பெரியவளுக்குத் தன் தலைமேல் நடக்கிற காரியமாகவே படும். காலை ஐந்தே முக்காலுக்குத் தட், தட் என்று ஆரம்பித்தால் முந்நூறு தட்டு. பெரியவள் கண்ணை மூடிக்கொண்டு எண்ணிக்கொண்டே கிடப்பாள். இருநூற்று எழுபதில் சத்தம் நின்றுவிட்டால், இன்றைக்கு முடியவில்லை போல என்று ஒரு சந்தோஷம் வரும். அதற்கும் ஆயுசு இருக்காது. கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு மிச்ச முப்பதையும் முடித்துவிடுவாள் அந்தப் படுபாவி.

இருவரும் ஓரகத்திகள். அண்ணனைக் கட்டியவள் பெரியவள், தம்பியைக் கட்டியவள் சின்னவள். கட்டடம் ஒன்றுதான். கீழ்வீடு இவளுக்கு, மேல்வீடு அவளுக்கு. மாமனார் கீழே தூங்குவார், மேலே சாப்பிடுவார். ஏனென்று யாராவது கேட்டால் "மேல எண்ணெய் கம்மி" என்று ஒரே வரியில் முடித்துக்கொள்வார். அந்த ஒரு வரி பெரியவளுக்கு ஒரு வாரத்துக்குப் போதும்.

வயதில் நான்கு வருடம்தான் வித்தியாசம். எடையில் முப்பத்தெட்டு கிலோ. சின்னவள் ஒன்றும் மூட்டை தூக்கிப் பிழைக்கிறவள் இல்லை, வங்கியில் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறவள்தான். பெரியவளுக்குத் தாங்காதது அதுதான். ஓட்டப்பந்தயக்காரி ஒல்லியாக இருந்தால் போகிறாள் என்று விட்டுவிடலாம். தன்னைப் போலவே நாற்காலியில் பொழுதைக் கழிக்கிறவள் இப்படி இருந்தால் எப்படி விடுவது?

நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். பெரியவளின் நாற்காலி வேறு ஜாதி. வீட்டுச் சாமான் விற்கிற கம்பெனியில் புகார் கேட்கிற தொலைபேசி வேலை அவளுக்கு. வாஷிங் மெஷின் சுற்றவில்லை, ஃப்ரிட்ஜ் குளிரவில்லை என்று ஒரு நாளைக்கு எண்பது பேர் கத்துவார்கள். எவ்வளவு திட்டினாலும் அவளாக ஃபோனை வைக்கக் கூடாது. எழுந்து போனால் மேற்பார்வையாளரின் திரையில் அவள் இருக்கை சிவப்பாகும். ஆறு நிமிடம் சிவப்பாகவே இருந்தால் அவர் எழுந்து எட்டிப் பார்ப்பார். அதனால் அவள் தண்ணீர் குடிப்பதைக் குறைத்தாள், எழுந்திருப்பதையே விட்டாள். கீழ் டிராயரில் பிஸ்கட் வைத்துக்கொண்டாள். ஒரு திட்டுக்கு ஒரு பிஸ்கட் என்று கணக்கு. சாதாரணத் திட்டுக்கு சாதா பிஸ்கட், அம்மா அப்பாவை இழுத்தால் கிரீம் பிஸ்கட். பன்னிரண்டு வருடமாக ஜனங்கள் அவள் பெற்றோரை விட்டபாடில்லை.

வீட்டுக்கு வந்தால் அடுப்பருகே நிற்கத் தெம்பு இருக்காது. ஃபோனில் நாலு தட்டு தட்டினால் சாப்பாடு டப்பாவில் வாசலுக்கே வந்துவிடும். படுத்தால் காதில் அந்த எண்பது பேரும் வரிசையாக வந்து நிற்பார்கள். மன அழுத்தத்தைக் குறையுங்கள் என்று ஒரு டாக்டர் சீட்டில் எழுதிக் கொடுத்தார். எந்தக் கடையில் போய்க் குறைப்பது என்று எழுதவில்லை.

இந்த லட்சணத்தில்தான் சின்னவள் ஒரு யோசனையோடு மாடியிலிருந்து இறங்கி வந்தாள். குடும்பத்தில் எல்லோரும் கையில் ஒரு நடைப்பட்டை கட்டிக்கொள்வது, யார் எத்தனை அடி நடந்தார்கள் என்று தினமும் ஃபோனில் பட்டியல் போடுவது. "ஜாலியா இருக்கும்க்கா" என்றாள். யாருக்கு என்று சொல்லவில்லை. மாமனாருக்குப் பொழுது போக வேண்டுமே, மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தினமும் சாயங்காலம் பட்டியலைச் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தார்.

"சின்னவ, பதினஞ்சாயிரத்து நானூறு. பெரியவ, ஆயிரத்து எழுநூறு." கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "என்னம்மா, பாத்ரூமுக்காவது ஒழுங்கா போறியா?"

வீட்டுக்காரர் சிரித்தார். கொழுந்தனும் சிரித்தான். சின்னவள் மட்டும் சிரிக்காமல், "அக்காவுக்கு வேலை அப்படி மாமா" என்று பரிந்து பேசினாள். எரிகிற கொள்ளியில் எண்ணெய் ஊற்றியது அதுதான். அன்று இரவு பெரியவளுக்கு வயிறு எரிந்த எரிச்சலில் ஒரு குடும்பத்துக்கே சமைத்திருக்கலாம்.

அலுவலகத்தில் ஒரு பெண்மணி உண்டு. நாலு மாடிக்கும் அவள்தான் கூட்டித் துடைக்கிறவள், டீ கொண்டுவருகிறவளும் அவள்தான். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு திரிவதால் எல்லோரும் சக்கரம் என்றே கூப்பிட்டார்கள். அவளும் அதற்கே திரும்பிப் பார்த்தாள். ஐம்பது வயதிருக்கும், விளக்குமாற்றுக்குச் சேலை சுற்றினாற்போல உடம்பு. பெரியவள் மிச்சம் வைக்கிற கேக்கை அவள் தின்பாள், ஒரு கிராம்கூட ஒட்டாது. அதையும் பார்த்துப் பெரியவள் பெருமூச்சு விட்டதுண்டு. அடுத்த நாள் காலை டீ வாங்கும்போது அவள் கண் சக்கரத்தின் டம்ளரில் இல்லை, கணுக்காலில் இருந்தது.

"சக்கரக்கா, இதைக் கொஞ்சம் கையில கட்டிக்கிறியா? கம்பெனில சோதிச்சுப் பாக்கக் குடுத்திருக்காங்க."

"எனக்கெதுக்கும்மா இதெல்லாம்?"

"மணி காட்டும். சாயங்காலம் குடுத்துடு, போதும்."

சக்கரம் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். அவளுக்கு யாரும் கையில் எதுவும் கட்டிவிட்டதில்லை போலிருக்கிறது.

அன்று மாலை மாமனார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். "பெரியவ, பத்தொன்பதாயிரம்!" சின்னவள் மாடியிலிருந்து ஓடி வந்தாள். "எப்படிக்கா?" பெரியவள் டப்பாச் சாப்பாட்டைப் பிரித்துக்கொண்டே, "மனசு வெச்சா முடியாதது உண்டா?" என்றாள். பிள்ளை பெற்றபோதுகூட அவளுக்கு இவ்வளவு சுகமாக இருந்ததில்லை. அடுத்த நாளும் ஜெயித்தாள், அதற்கடுத்த நாளும் ஜெயித்தாள். அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஒரே ஒரு நாள் சறுக்கியது. சின்னவள் பதினெட்டாயிரம் நடந்துவிட்டாள், சக்கரம் பதினேழில் நின்றுவிட்டாள். மறுநாள் காலை டீயை வாங்கும்போது பெரியவளின் முகம் தொங்கியிருந்தது.

"என்னம்மா, ஒரு மாதிரி இருக்க?"

"ஒண்ணுமில்லக்கா. பட்டையில நேத்து எண்ணிக்கை கம்மியாயிடுச்சு."

"அது கம்மியானா உனக்கு ஏதாவது திட்டு விழுமா?"

பெரியவள் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அன்றைக்கு எண்ணிக்கை இருபத்து மூவாயிரத்துக்கு ஏறியது. அதற்குப் பிறகு வேலை நாட்களில் இறங்கவேயில்லை. பெரியவள் அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டாள்.

மூன்றாவது வாரம் ஞாயிற்றுக்கிழமை, சின்னவள் முகம் வெளுத்துக் கீழே வந்தாள். கையில் ஃபோன். பட்டை நடையை மட்டும் எண்ணாது, நாடியையும் எண்ணும். இது பெரியவளுக்குத் தெரிந்திருக்கவில்லை.

"அக்கா, வெள்ளிக்கிழமை மத்தியானம் சும்மா இருக்கிறப்போ நூத்தம்பது அடிச்சிருக்கு. துடிப்பும் தாறுமாறா இருக்குன்னு எச்சரிக்கை வந்திருக்கு. நாலு நாளாவே இப்படித்தான். உங்களுக்கு நெஞ்சு படபடன்னு இல்லையா?"

பெரியவளுக்குத் தேள் கொட்டிய திருடன் கதை. அது யாருடைய நெஞ்சு என்று அந்த நொடியே அவளுக்குத் தெரிந்துவிட்டது. இதில் ஒளிவுமறைவு வேண்டாம். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் பத்தொன்பதாயிரமும் இருபத்து மூவாயிரமும் பொய்யாகும், மாமனார் கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பார், சின்னவள் மறுபடி பரிந்து பேசுவாள். "கொஞ்சம் அசதியா இருக்கு" என்றாள்.

அதற்குப் பிறகு நடந்த உபசாரத்தை என்னவென்று சொல்வது! வீட்டுக்காரர் பாத்திரம் தேய்த்தார். மாமனார் தொலைக்காட்சியை அவள் கேட்ட சேனலில் விட்டார். பக்கத்து ஊரிலிருந்த பெரிய டாக்டரிடம் வியாழக்கிழமைக்கு நேரம் வாங்கியது சின்னவள். தினமும் வங்கியிலிருந்து வந்ததும் பெரியவளுக்குக் கஞ்சி காய்ச்சி, பக்கத்தில் உட்கார்ந்து, ஊட்டாத குறையாகக் குடிக்க வைத்தவளும் அவள்தான். மூன்று நாள் காலையும் மாடியில் கயிற்றுச் சத்தம் கேட்கவில்லை. அக்கா தூங்கட்டும் என்று நிறுத்திவிட்டாளாம்.

இந்தச் சுகத்தை விட மனசு வரவில்லை. பட்டையைத் தானே கட்டிக்கொண்டால் நாடி ஒழுங்காகக் காட்டிவிடும், உபசாரம் நின்றுவிடும். அதனால் லீவு போடச் சொன்ன வீட்டாரிடம், உட்கார்ந்த வேலைதானே என்று சமாதானம் சொல்லிவிட்டு அலுவலகத்துக்கு வந்து, முன்போலவே பட்டையைச் சக்கரத்தின் கையில் கட்டினாள். புதன்கிழமை சக்கரம் கவிழ்த்த வாளியின்மேல் உட்கார்ந்து, நெஞ்சை நீவிக்கொண்டிருந்ததைப் பார்த்தாள். பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள். டாக்டரைப் பார்த்த பிறகு எப்படியாவது சொல்லிவிடலாம் என்று தனக்குத்தானே தவணை கொடுத்துக்கொண்டாள். போகும்போது, "நாளைக்கு நான் வரமாட்டேன், நீயே கட்டியிரு, கழட்டாத" என்றும் சொல்லிவிட்டுப் போனாள்.

வியாழக்கிழமை டாக்டர் அவள் மார்பில் வயர்களை ஒட்டி வரைபடம் எடுத்தார். ரத்த அழுத்தம் அதிகம், சர்க்கரை எல்லைக்கு வந்து நிற்கிறது, எடையைச் சொல்லவே வேண்டாம். ஆனால் துடிப்பு ஒழுங்காக இருந்தது. சின்னவள் நீட்டிய ஃபோனையும் வரைபடத்தையும் அவர் மாறி மாறிப் பார்த்தார்.

"இந்த நெஞ்சு வேற, இந்த ஃபோன்ல இருக்கிற நெஞ்சு வேற" என்றார். "பட்டையை யாருக்காவது குடுத்தீங்களா? யாருக்குக் குடுத்திருந்தாலும் அவங்களுக்கு இன்னிக்கே வைத்தியம் பாக்கணும்."

சின்னவளின் கண் பெரியவளின் வெறும் மணிக்கட்டுக்குப் போனது. "அக்கா, பட்டை எங்க?"

பன்னிரண்டு வருடமாக யாருடைய திட்டுக்கும் கலங்காதவள் இந்த ஒரு கேள்விக்குக் கலங்கினாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். சக்கரத்தைச் சொன்னாள், பொய்யைச் சொன்னாள், ஞாயிற்றுக்கிழமையே தெரியும் என்பதையும் சொன்னாள். சின்னவள் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தாள். சின்னவள் அதற்குள் கைப்பையைத் தூக்கித் தோளில் மாட்டியிருந்தாள்.

"அவங்க இப்ப எங்க இருப்பாங்க?"

அலுவலகத்துக்குப் போக முக்கால் மணி நேரம் ஆனது. வழியில் மேற்பார்வையாளருக்கு ஃபோன் போட்டார்கள். எல்லா இணைப்பும் பிஸி, காத்திருக்கவும் என்று பெரியவளின் கம்பெனியே பெரியவளிடம் சொன்னது. போய்ச் சேர்ந்தபோது சாப்பாட்டு நேரமாதலால் லிஃப்ட் மேலே நாலாவது மாடியில் மாட்டிக்கொண்டிருந்தது. சின்னவள் லிஃப்ட் கதவுக்கு மேல் எரிந்த மாடி எண்ணை ஒரு முறை பார்த்துவிட்டுப் படிக்கட்டுக்குப் பாய்ந்தாள். பெரியவளும் பின்னால் ஏறினாள். முதல் திருப்பத்திலேயே மூச்சு முட்டியது, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். மேலே சின்னவளும் நின்றாள்.

"அக்கா, நீங்க பாத்து வாங்க, நான்..."

"எனக்காக நிக்காதடி!" பெரியவள் தொண்டை கிழியக் கத்தினாள். "ஓடு! ஓடு!"

இரண்டு இரண்டு படியாக அந்தக் கால்கள் தாவிப் போயின. எத்தனையோ காலை, சுளுக்கிக்கொள்ளாதா என்று அவள் சபித்த கால்கள். இன்னும் வேகமாகப் போகாதா என்று இருந்தது.

சக்கரம் மூன்றாவது மாடிப் படியிலேயே சரிந்து உட்கார்ந்திருந்தாள். எல்லோரும் சாப்பிடப் போயிருந்ததால் யார் கண்ணிலும் படவில்லை. சின்னவள் அவளைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஆம்புலன்ஸை அழைத்தாள். இன்னும் ஒரு மணி நேரம் தாமதமாகியிருந்தால் தன்னிடம் கொண்டுவந்தும் பயன் இருந்திருக்காது என்று ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னார்.

சாயங்காலம் உள்ளே விட்டார்கள். பெரியவள் கட்டிலருகே ஸ்டூலில் உட்கார்ந்தாள். என்ன சொல்லி மன்னிப்புக் கேட்பது என்று வழியெல்லாம் வார்த்தை தேடி வைத்திருந்தாள். சக்கரம் கண் விழித்ததும் முதலில் தன் மணிக்கட்டைத் தடவிப் பார்த்தாள். பட்டையை நர்ஸ் கழற்றி வைத்திருந்தார்.

"கழட்டிட்டாங்கம்மா" என்றாள், குற்றம் செய்தவளைப் போல. "அன்னிக்கு நீ மூஞ்சியத் தொங்கப் போட்டியா, அதிலேருந்து டீயைக் குடுத்துட்டு லிஃப்டை விட்டுட்டுப் படியிலதான் போறேன். மத்தியானமும் உக்காராம ரெண்டு தரம் சும்மாவே ஏறி எறங்குவேன். உனக்குத் திட்டு விழக் கூடாதுன்னு. இன்னிக்குத்தான் ரெண்டாவது தரம் முடியல."

பெரியவள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அதன்மேலேயே முகத்தைக் கவிழ்த்துக்கொண்டாள்.

"அழாதம்மா. நாளைக்குச் சேத்து நடந்துடறேன்."

சின்னவள் கஞ்சிப் பாத்திரத்தோடு வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். இந்த முறை அவள் பரிந்து எதுவும் பேசவில்லை.