இன்ஜினை நிறுத்தச் சொன்னவர்

காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பேட்டரி வேலை பார்த்தார் அவர். இடுப்பில் மாப்பிள்ளை மாதிரி பட்டுத் துண்டு கட்டியிருப்பார். பருத்தியை ஆசிட் ஒரே நாளில் ஓட்டையாக்கிவிடுமாம். பழம்பட்டு கொஞ்சம் தாங்குமாம்.

என் வாடகைக் கார் அப்போது தள்ளினால்தான் கிளம்பும். அந்தப் பயத்தில், சவாரிக்கு வந்தவர்கள் சாமி கும்பிட்டுத் திரும்பும்வரை கோயில் வாசலில் இன்ஜினை நிறுத்தவே மாட்டேன். புது பேட்டரிதான் போட வேண்டும் என்று எல்லோரும் சொல்லிவிட்டார்கள்.

இவர் பேட்டரி முனைகளில் பூத்திருந்த உப்பை வெந்நீர் ஊற்றிக் கழுவினார். சுரண்டினார். ஒயரை இறுக்கினார். ஸ்டார்ட்டரை இழுத்தேன், உடனே பிடித்துக்கொண்டது.

"நிறுத்துப்பா," என்றார்.

எனக்குக் கை வரவில்லை. "இப்பதான் ஸ்டார்ட் ஆச்சுண்ணா. ஓடிக்கினு இருக்கட்டுமே."

"ஓடுறத வச்சி நான் இன்னா தெரிஞ்சிக்கிறது? நிறுத்திட்டு மறுபடி எடு."

மூன்று முறை அப்படிச் செய்யவைத்த பிறகே பட்டுத் துண்டில் கையைத் துடைத்தார்.

அன்று தாமலில் சவாரியை இறக்கிவிட்டுத் திரும்பும்போது, ஏரிக்கரையில் ஒரு காரணமும் இல்லாமல் இன்ஜினை நிறுத்தினேன். எத்தனையோ தடவை போன வழிதான். தண்ணீர் கரையில் மோதும் சத்தம் அன்றைக்குத்தான் எனக்குக் கேட்டது.