இரட்சிப்புக் கமிட்டியில் அப்பா

இரட்சிப்பு என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் முதலில் வருவது கொட்டாவிதான். பக்தி குறைந்தவள் என்று யாரும் அவசரப்பட்டு முடிவு கட்ட வேண்டாம். வாரம் ஆறு நாளும் வேலை, ஏழாம் நாள் காலையில் சபை என்று ஓடிய வீட்டில் வளர்ந்தவள் நான். அந்தச் சொல் எப்போதும் தூக்கக் கலக்கத்தோடுதான் என் காதில் விழுந்தது. இப்போது நான் என் மகளைக் கூட்டிக்கொண்டு போய் அதே மாதிரி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காருகிறேன். பாஸ்டர் அந்தச் சொல்லுக்கு வந்ததும் வாய் தானாகத் திறந்துகொள்கிறது.

அப்போது நாங்கள் புக்கிட் ரம்பாயில் ஒரு தாமான் குடியிருப்பில், வரிசை வீடுகளில் ஒன்றில் இருந்தோம். அப்பா பக்கத்துத் தொழிற்சாலையில் ஃபோர்க்லிப்ட் ஓட்டினார். அம்மாவுக்கு வேறொரு கம்பெனியில் பெட்டி கட்டும் வேலை. ஒருவருக்குப் பகல் சிஃப்ட் என்றால் இன்னொருவருக்கு இரவு. இருவரும் ஒரே நேரத்தில் கண் விழித்திருப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும். அதிலும் பாதி நேரம் அம்மா சபையில் தூங்கிவிடுவாள். நின்றபடி, இரண்டு கையையும் மேலே தூக்கியபடி, தூங்கத் தெரிந்த ஒரே மனுஷி அவள்தான். பின்வரிசையில் இருப்பவர்கள் அவள் ஆவியில் நிறைந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொள்வார்கள்.

சபை ஒரு கடைவீட்டின் மாடியில் இருந்தது. கீழே டயர் கடை. அப்பா எங்களை வாசலில் இறக்கிவிட்டு அப்படியே காடியைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார். அவர் பிறந்தது இந்துக் குடும்பத்தில். கோயிலுக்கும் போக மாட்டார், சபைக்கும் வர மாட்டார். அம்மா வீட்டுக்காரர்கள் லூபோக் சீனா பக்கம் தோட்டத்தில் இருந்த காலத்திலிருந்தே வேதக்காரர்கள். மாப்பிள்ளை இன்றைக்கு வருவார் நாளைக்கு வருவார் என்று நம்பித்தான் பெண்ணைக் கொடுத்தார்களாம். நான் நான்காம் வகுப்புக்கு வந்தும் அந்த ‘நாளைக்கு’ வரவில்லை.

இதை வாரம் தவறாமல் நினைவூட்டியவர் என் பெரியம்மா, அம்மாவின் அக்கா. கூட்டம் முடிந்து பிஸ்கட்டும் தேத்தண்ணியும் கொடுக்கும்போது அம்மாவின் பக்கத்தில் வந்து நிற்பார்.

“உன் வீட்டுக்காரரு எப்பதான் ரட்சிக்கப்படப் போறாரு?”

“ஜெபம் பண்ணுங்கக்கா,” என்பாள் அம்மா. வேறென்ன சொல்வாள், பாவம். இரவு சிஃப்டிலிருந்து நேராகச் சபைக்கு வந்தவளுக்கு நாக்கைப் புரட்டுவதே பெரிய காரியம்.

அந்த நேரத்தில் அப்பா என்ன செய்துகொண்டிருப்பார் என்றால், எதிர்வீட்டு மலாய்க்கார அம்மா, எங்கள் மக்சிக்குக்கு, கேஸ் தோங்கைத் தூக்கிக்கொண்டு போய் அடுப்பில் மாட்டிக்கொண்டிருப்பார். அல்லது யாருடைய வீட்டிலோ அடைத்துக்கொண்ட கால்வாயில் கையை முழங்கை வரை விட்டுக் குடைந்துகொண்டிருப்பார். எங்கள் பக்கம் சாவு என்றால் முதல் போன் அப்பாவுக்குத்தான் வரும். கூடாரம், நாற்காலி, விளக்கு, தண்ணீர்ப் பெட்டி என்று எல்லாவற்றையும் யாரிடமோ லோரி கேட்டு ஏற்றிக்கொண்டு வந்து இறக்குவார். செத்தவர் இந்துவா வேதக்காரரா சீனரா என்று அவர் விசாரித்து நான் பார்த்ததில்லை.

எங்கள் சபையின் மூத்த விசுவாசி ஒருவர் காலமானபோதும் கூடாரம் போட்டவர் அப்பாதான். மழை வரும்போல இருந்தது. உள்ளே பாஸ்டர் பிரசங்கம் செய்தார். நல்ல காரியம் செய்து யாரும் பரலோகம் போக முடியாது, நம்முடைய நன்மையெல்லாம் தேவனுக்கு முன்னால் அழுக்குத் துணி, விசுவாசம் ஒன்றுதான் கரை சேர்க்கும் என்றார். எல்லாரும் ஆமென் சொன்னோம். வெளியே கூடாரம் காற்றில் பறந்துவிடாமல் அப்பா கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் கையை விட்டிருந்தால் பிரசங்கம் அதோடு முடிந்திருக்கும்.

இதெல்லாம் இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு எனக்குத் தோன்றியது ஒன்றே ஒன்றுதான்: அப்பா நரகத்துக்குப் போகப் போகிறார். பெரியம்மா அதை மூடி மறைக்காமல் சொல்லியிருந்தார். இயேசு திரும்பி வரும் நாளில் எக்காளம் ஊதும்போது நானும் அம்மாவும் மேலே போய்விடுவோம், அப்பா காடியோடு கீழே நிற்பார் என்று. எனக்குச் சோறு இறங்கவில்லை. பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடத்தின்போதே ஓவென்று அழுதிருக்கிறேன். டீச்சர் வாய்ப்பாடுதான் காரணம் என்று நினைத்து ஒரு வாரம் என்னைக் கேள்வி கேட்காமல் விட்டுவிட்டார்.

இந்த நிலையில்தான் அந்த அட்டை வந்தது. சபைப் பிள்ளைகளில் பாதிப் பேர் மலாய்ப் பள்ளிக்கூடம் போகிறவர்கள், தமிழ் எழுத்துக் கூட்டத் தெரியாது. அதனால் ஞாயிறு வகுப்பில் மலாயில் அச்சடித்த வசன அட்டைகளைக் கொடுத்தார்கள். என் அட்டையில் பெரிய எழுத்தில் கெசெலாமாத்தான் என்று போட்டிருந்தது. இதென்ன என்று கேட்டேன். “இரட்சிப்புமா. தமிழ்ல இரட்சிப்பு, மலாய்ல கெசெலாமாத்தான்,” என்றார் வகுப்பு அக்கா. அந்தச் சொல்லுக்கு மலாயில் பாதுகாப்பு என்றும் பொருள் உண்டு. விபத்து நடக்காமல் இருப்பதும் அதுதான், ஆத்துமா பிழைப்பதும் அதுதான். அக்காவுக்கு அது தெரிந்திருக்கும். அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அடுத்த வாரம் அப்பாவின் கம்பெனியில் குடும்ப தினம் வைத்தார்கள். மீகூனும் பலூனும் இலவசம் என்று அப்பா என்னைக் கூட்டிப் போனார். கேட்டைத் தாண்டியதும் நான் நின்றுவிட்டேன். சுவர் உயரத்துக்குப் பச்சைப் பலகை. “உத்தாமாக்கான் கெசெலாமாத்தான்.” எல்லாவற்றுக்கும் மேலாக இரட்சிப்பைத் தேடு! அடேயப்பா, எங்கள் சபையில்கூட இவ்வளவு பெரிய பலகை கிடையாது. படிக்கட்டில் கெசெலாமாத்தான், இயந்திரத்தின் மேல் கெசெலாமாத்தான், கழிவறைக் கதவில்கூட விட்டுவைக்கவில்லை. இப்படிப்பட்ட பக்தியான இடத்திலா அப்பா வேலை செய்கிறார், ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று எனக்கு மலைப்பாக இருந்தது.

அப்பா அலமாரியைத் திறந்து ஆரஞ்சு நிறச் சட்டை ஒன்றையும் கனத்த தொப்பி ஒன்றையும் எடுத்துப் பெருமையோடு மாட்டிக்கொண்டார். சட்டையின் முதுகில் கொட்டை எழுத்தில் இருந்தது: ஏ.ஜே.கே. கெசெலாமாத்தான்.

ஏ.ஜே.கே. என்றால் கமிட்டி உறுப்பினர். பள்ளிக்கூட வாசலில் மாட்டியிருக்கும் பெற்றோர் சங்கப் படங்களுக்குக் கீழே நான் தினம் பார்த்தது. அப்படியானால் என் அப்பா இரட்சிக்கப்பட்டவர் மட்டுமில்லை, இரட்சிப்புக் கமிட்டியிலேயே இருக்கிறார். எனக்கு இருந்த சந்தோஷத்தில் மூன்று தட்டு மீகூன் சாப்பிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சாட்சி நேரத்தில் நானாகவே கையைத் தூக்கினேன். பாஸ்டர் மைக்கைத் தாழ்த்திக் கொடுத்தார்.

“எங்கப்பாவுக்குக் கெசெலாமாத்தான் கிடைச்சிருச்சு. கம்பெனியிலயே குடுத்துட்டாங்க. அவரு அதுல ஏ.ஜே.கே. மத்தவங்க தலையில எதும் விழாம பாத்துக்கிறது அவரு வேலை. தொப்பிகூட இருக்கு. தேவனுக்கு ஸ்தோத்திரம்.”

சபை விழுந்து விழுந்து சிரித்தது. பாஸ்டர் நல்ல மனிதர், அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். பிறகு வந்த வாய்ப்பை விடுவாரா? இரும்புத் தொப்பி தலையைக் காக்கும், ஆத்துமாவைக் காக்குமா, கம்பெனி கொடுப்பது ஒரு கெசெலாமாத்தான், கர்த்தர் கொடுப்பது வேறு கெசெலாமாத்தான் என்று முக்கால் மணி நேரம் பேசினார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கிடைத்த அப்பாவை மறுபடி பறிகொடுத்துவிட்டேன். அன்றைக்கு அம்மா தூங்கவில்லை.

தேத்தண்ணி நேரத்தில் பெரியம்மா விடவில்லை. “பச்சப்புள்ள சபையில நின்னு மானத்த வாங்குது. நீ ஒழுங்கா எடுத்துச் சொல்லியிருந்தா இப்படி ஆகுமா?”

“சொல்லிக்கிட்டுத்தான்க்கா இருக்கேன்,” என்றாள் அம்மா. “சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது.”

வீட்டில் கதையைக் கேட்டு அப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “நல்லா சொன்னலா நீ! போர்மேன்கிட்ட சொல்லி சம்பளம் கூட கேக்கணும்.” சிரித்து முடித்துத் திரும்பியபோதுதான் என் முகத்தைப் பார்த்தார்.

“என்னம்மா?”

நான் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். எக்காளம், மேலே, கீழே, காடி எல்லாம். “நீங்க வரலன்னா நானும் போகமாட்டேன்ப்பா. உங்ககூடயே எரிஞ்சுக்கிறேன்.”

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை.

“அதுக்கு என்ன செய்யணும்?” என்று என்னிடம்தான் கேட்டார்.

“விசுவாசிக்கிறேன்னு சொல்லணும். அப்புறம் தண்ணில முங்கி ஞானஸ்நானம் எடுக்கணும்.”

“அவ்ளோதானா?”

“அவ்ளோதான்.”

“அவ்ளோதான் இல்ல,” என்றாள் அம்மா, மடித்துக்கொண்டிருந்த துணியிடம் சொல்வதுபோல. “மனசு மாறணும்.” அதற்கு மேல் பேசத் தெம்பில்லாதவளாக எழுந்து குளிக்கப் போய்விட்டாள்.

ஞானஸ்நானத்தைக் கிளேபாங் கடற்கரையில் வைத்துக் கொடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை இரவு சிஃப்ட் முடிந்து, கம்பெனி வாசலிலிருந்து நேராக வந்து நின்றார் அப்பா. கண் இரண்டும் சிவந்திருந்தன. அந்தக் கடலைப் பற்றிச் சொல்ல வேண்டும். சேற்று நிறம், ஆழமே கிடையாது. பாஸ்டரும் அப்பாவும் நடக்கிறார்கள், நடக்கிறார்கள், தண்ணீர் முட்டியைத் தாண்டவில்லை. கரையில் இருந்தவர்கள் பாட ஆரம்பித்த பாட்டு முடிந்து, திரும்ப முதலிலிருந்து பாடினார்கள். ஒருவழியாக இடுப்பளவு வந்தது. பாஸ்டர் சத்தமாகப் பேசுகிறவர், காற்றும் எங்கள் பக்கம் அடித்தது. எல்லாம் தெளிவாகக் கேட்டது.

“இயேசு கிறிஸ்துவை உங்க சொந்த இரட்சகரா விசுவாசிக்கிறீங்களா?”

அப்பா கரைப்பக்கம் திரும்பி என்னைத் தேடினார். நான் கையை ஆட்டினேன்.

“சரி பாஸ்டர்,” என்றார்.

கேஸ் தோங்கைத் தூக்கச் சொன்னாலும், கால்வாயில் கை விடச் சொன்னாலும், நாற்காலி இறக்கச் சொன்னாலும் அவர் சொல்லும் அதே சரி.

“ஆமான்னு சொல்லுங்கண்ணே.”

“ஆமா பாஸ்டர்.”

பாஸ்டர் அவரை அமுக்கி எடுத்தார். மூக்கில் தண்ணீர் ஏறி அப்பா இருமிய இருமலில் முழுக்குப் பாட்டே நின்றுபோனது. பெரியம்மா மணலில் முழங்காலிட்டு, அல்லேலூயா சொல்லி விம்மினார். நான் ஒரு கையில் செருப்பும் இன்னொரு கையில் அப்பாவின் போனுமாகக் குதித்தேன். அந்த அளவு சந்தோஷம் எனக்குப் பிறகு எதிலும் கிடைத்ததாகச் சொல்ல முடியாது. கல்யாணத்தன்றுகூட இல்லை.

அம்மா துண்டை நீட்டினாள். அப்பா வாங்கித் தலையைத் துவட்டினார்.

“ஏன் செஞ்சீங்க?” என்று மெதுவாகக் கேட்டாள்.

“பிள்ள சாப்பிடமாட்டேங்குதுலா,” என்றார் அப்பா. “இதுல என்ன போவுது?”

அம்மா திரும்பிக் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். பெரியம்மா ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டு, “அழு, நல்லா அழு, உன் ஜெபம் கேட்கப்பட்டுருச்சு,” என்றார். எல்லாரும் அழுதார்கள். இருமிக்கொண்டிருந்த அப்பாவைத் தவிர.

வீட்டுக்கு வந்த அப்பா ஒரு வாய் சோறு சாப்பிட்டார். அப்புறம் சோபாவில் சாய்ந்தவர்தான், ஈரத் தலையோடு சாயந்தரம் வரை எழுந்திருக்கவில்லை. விளக்கு வைத்ததும் அம்மா வழக்கம்போல என்னைக் கூப்பிட்டு அவர் பக்கத்திலேயே முழங்கால் போட வைத்தாள். எனக்கு, என் படிப்புக்கு, லூபோக் சீனாவில் படுத்த படுக்கையாக இருந்த மாமாவுக்கு என்று வரிசையாக வேண்டிக்கொண்டே வந்தாள். கடைசியில் குரலைத் தாழ்த்தி, “ஆண்டவரே, என் புருஷனை எப்படியாவது இரட்சியும்,” என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அம்மா! அதான் காலையிலயே ஆச்சே!”

அம்மா கண்ணைத் திறக்கவில்லை. என் தலையைப் பிடித்து மெதுவாகக் கீழே குனிய வைத்தாள். இன்னொரு தடவை, இன்னும் மெதுவாக, அதையே சொன்னாள். பாவம், வேலை அசதியில் மறந்துவிட்டாள் என்று நான் நினைத்தேன்.