எதிர்க்கடைத் தேங்காய்

பழவங்காடி பிள்ளையார் கோயில் முன்னால் வன்னியபெருமாள் அண்ணாச்சி தேங்காய் விற்கிறார். பக்கத்தில் நான் பூ விற்கிறேன். உடைக்கக் காய் வாங்க வருகிறவர்களின் காரியம் என்ன என்று அவரே சொல்லிவிடுவார். ஒற்றைக் காய் என்றால் பரீட்சை. நகத்தைக் கடித்துக்கொண்டு வாங்கினால் கோர்ட்டு கேஸ். கூடையோடு வாங்கினால் காதல். சொன்னது தப்பாகிப்போனால், "அவன் பொய் சொல்லுதான்" என்பார். பிள்ளையாருக்கே இவ்வளவு தெரியுமா என்பது சந்தேகம்.

அவர் மகள் கௌசல்யா அரசாங்க வேலைக்கான பி.எஸ்.சி. பரீட்சைக்குக் கடையில் உட்கார்ந்துதான் படித்தாள். இங்கிலீஷில் இன்ஃபெரன்ஸ் என்று ஒன்று, அசம்ப்ஷன் என்று ஒன்று. கண்டதை வைத்து முடிவுக்கு வந்தால் முதலாவது. காணாததை உண்டென்று தானாக எடுத்துக்கொண்டால் இரண்டாவது. "ரெண்டும் ஒண்ணுதாம்ட்டி," என்று அண்ணாச்சி தீர்ப்பு சொல்லிவிட்டார்.

போன வெள்ளிக்கிழமை கௌசல்யா அப்பா கடைப் பக்கமே திரும்பாமல், எதிரே புதிதாகக் கடை போட்டிருந்த ஷிபுவிடம் ஒரு கூடைத் தேங்காய் வாங்கி உடைத்தாள். அண்ணாச்சி முகம் கறுத்துவிட்டது. ஷிபுவோடு காதல் என்று நின்ற இடத்திலேயே முடிவு கட்டினார். சாயங்காலத்துக்குள் திருநெல்வேலியிலிருந்து பெண் பார்க்க ஆளையும் வரச் சொல்லியாயிற்று.

மறுநாள் கௌசல்யா கடைக்கே வந்துவிட்டாள்.

"ஷிபு சேட்டனுக்கு கல்யாணம் கழிஞ்சு ரெண்டு பிள்ளைங்க உண்டுப்பா."

"பின்ன எதுக்குட்டி அவன்கிட்ட வாங்குன?"

"நான் எதிர்க்கடையில வாங்குனதக் கண்டீங்க. என்னமோ மறைக்கேன்னு உங்களுக்குத் தோணிச்சு. அது இன்ஃபெரன்ஸ், சரிதான். ஷிபு சேட்டனச் சேத்ததுதான் அசம்ப்ஷன்."

"என்னத்த மறைச்ச?"

"காசர்கோட்டுல வேலை கிடைச்சாச்சு. அதுக்கு வேண்டிக்கிட்ட காய்தான் அது. திங்கக்கிழமை சேரணும்."

அண்ணாச்சி கொஞ்சம் யோசித்தார். பிறகு ஜெயித்துவிட்டவர் மாதிரி நிமிர்ந்தார்.

"நான் விடமாட்டேன்னு நீயா எடுத்துக்கிட்டயில்லா? அது மட்டும் அசம்ப்ஷன் இல்லையா?"

"இல்லப்பா. போன வருஷம் எர்ணாகுளத்து வேலைக்கு விட்டீங்களா? இப்ப மாப்பிள்ளைய வரச் சொன்னீங்களே, என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா? இது இன்ஃபெரன்ஸ்."

அவள் அழவில்லை, எனக்குத்தான் அழுகை வந்தது. அண்ணாச்சி போனை எடுத்து, "வர வேண்டாம், பிள்ளைக்கு காசர்கோட்டுல சோலி" என்று திருநெல்வேலிக்குச் சொன்னார். பிறகு தன் கடையிலேயே ஒரு காயைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு போய் உடைத்துவிட்டு வந்தார்.

"என்ன வேண்டுதல் அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"என் மூஞ்சியப் பாத்து நீயே சொல்லு, மாடத்தி."

கண் கலங்கியிருந்ததைக் கண்டேன். மீதியை நானாக எடுத்துக்கொள்ளவில்லை.