நூற்பட்டியலில் வந்து உட்கார்ந்த முனியாண்டி

அநியாயம் நடந்தது மலேசியாவின் பாலிங் ஊர்ச் சரோஜா அக்காவுக்கு. பிள்ளை பெற்ற கையோடு ரப்பர் மரத்தில் பால்வெட்டப் போகும் தோட்டத்துப் பெண்களைப் பற்றி அவர் எழுதிய ஆய்வேட்டை, மேற்கோள் மென்பொருள் அவருடைய அப்பா பெயருக்கு எழுதி வைத்துவிட்டது. ஆய்வு உதவியாளர் என்றால் ஆராய்ச்சி செய்வார் என்று நம்பித்தான் நான் சேர்ந்தேன். அடுத்தவர் எழுதியதை அந்த மென்பொருளில் ஏற்றுவதுதான் வேலையே. நூற்பட்டியலோடு மல்லுக்கட்டிய எல்லாருக்கும் என் கோபம் புரியும்.

பெட்டி இரண்டு

மென்பொருளில் முதல் பெயருக்கு ஒரு பெட்டி, குடும்பப் பெயருக்கு ஒரு பெட்டி. நமக்கு ஏது குடும்பப் பெயர்? 'சரோஜா ஏ/பி முனியாண்டி' என்றால் முனியாண்டியின் மகள் சரோஜா; 'ஏ/பி' மலாயில் 'மகள்' என்பதன் சுருக்கம். அவ்வளவுதான். அது கடைசிச் சொல்லைப் பிடித்துக்கொண்டு 'முனியாண்டி, எஸ். ஏ.' என்று போட்டது. சரோஜாவும் ஓர் எழுத்து, மகளும் ஓர் எழுத்து!

மென்பொருளைப் பார்த்துக்கொள்ளும் நூலகக் கவுண்டரில் போய்ச் சண்டை போட்டேன். அங்கிருந்த மலாய் அக்காவின் பெயரட்டையிலும் அப்பா பெயர் கடைசியில்தான் இருந்தது. ஆனாலும் தங்கையை அழைப்பதுபோல் அழைத்துச் சொன்னார்: "சிஸ்டம் அப்படித்தான் லா, அடிக். அப்பா பெயரை ஏன் கடைசியில் வைக்கிறீர்கள்?"

பேராசிரியர் கண்டுபிடித்த ஆண்

நான் திரும்பி வருவதற்குள், கூட வேலை பார்க்கும் கவின் நூற்பட்டியலோடு கட்டுரை வரைவை எங்கள் பேராசிரியருக்கு அனுப்பிவிட்டான். 'பால் கட்டிக்கொண்ட வலியோடு பால்மரம் வெட்டியதைத் தாய்மார்கள் மனம்விட்டுச் சொல்கிறார்கள் (முனியாண்டி)' என்ற வரியில் சிவப்புச் சுழி. அந்தப் பெண்களிடம் நேரில் பேசிய ஒரே ஆய்வு அது. பேராசிரியர் என்னைக் கூப்பிட்டார்: "ஓர் ஆம்பளைகிட்ட எந்தப் பொம்பளம்மா இதையெல்லாம் சொல்லும்? நம்பற மாதிரி இல்லை, எடுத்துடு."

கம்பெனி ஆன அக்கா

நிறுவனத்தின் பெயரை மட்டும் அந்த மென்பொருள் வெட்டாது. அதற்கு ஒரே பெட்டி. அக்காவுக்குப் போன் போட்டேன். "உங்கள கம்பெனி மாதிரி போடட்டுமாக்கா?"

"என்னத்தையாவது போடும்மா. எங்கப்பா பால்மரம் வெட்டினாரு. வீடு வீடா போய் உட்கார்ந்து கேட்டது நானு லா."

பெயர் முழுசாக ஏறியது. ஆய்வேட்டின் முன்னுரையையும் அச்செடுத்துப் பேராசிரியரின் மேசையில் வைத்தேன். "சார், எழுதினவங்க பெண். இதை நான் எடுக்க மாட்டேன்."

கண்ணாடியை ஏற்றி இறக்கி இரண்டு முறை படித்தார். "சரி, இருக்கட்டும். ஆமா, கல்யாணம் ஆன பொம்பளதானே, வீட்டுக்காரர் பேரைப் போடலியா?"