மழை பெய்தால் வரவு கூடும் பாடசாலை

ருவான்வெல்லைப் பக்கம் இறப்பர் தோட்டத்துப் பாடசாலை ஒன்று "முன்மாதிரி" ஆகியிருக்கிறது, எல்லா அதிபர்களும் போய்ப் பார்த்து வாருங்கள் என்று கூட்டத்தில் சொன்னார்கள். பார்த்து வா என்றால் பார்த்து எழுதி வா என்று அர்த்தம். தலைமைத்துவம், தொடர்ச்சியான மேம்பாடு என்று ஆளுக்கொரு கோப்பு கொடுக்க வேண்டும். நான் கலவானைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துப் பாடசாலையின் அதிபர். போன மாதம் போய் வந்தேன். மூன்று வாரமாகியும் கோபம் அடங்கவில்லை. உங்களில் பலருக்கும் இதே பயணம் காத்திருப்பதால் வழியையும் சேர்த்தே எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை பாடசாலை விட்டதும் இரண்டு மணி பஸ்ஸில் கலவானையிலிருந்து இரத்தினபுரி. டிக்கட் 150 ரூபாய், ஒன்றே முக்கால் மணி நேரம். அங்கிருந்து அவிசாவளைக்கு 160 ரூபாய். நின்றுகொண்டேதான் போனேன். இரவு அங்கே ஒரு சிநேகிதி வீட்டில் தங்கினேன். ஒரே நாளில் போய் வரலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். புதன் காலை 6.10 பஸ், ருவான்வெல்லைக்கு 70 ரூபாய், 6.50க்கு இறங்கினேன். கடைத்தெருவில் ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு த்ரீவீல் பிடித்தேன். தோட்டத்துக்கு ஐந்தரைக் கிலோமீற்றர், 600 ரூபாய். கடைசி ஒரு கிலோமீற்றர் பாதை என்று சொல்ல முடியாது, கல்லும் குழியும்.

டிரைவர் அந்தத் தோட்டத்து லயத்துப் பையன்தான், முப்பது வயதிருக்கும். "முன்மாதிரி இஸ்கூலுக்கா டீச்சர்? சரி, ஏழரைக்கு முன்னுக்கே போயிருவோம். இல்லாட்டி நீங்களும் கேட்டுக்கு வெளியதான் நிக்கணும்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அப்போது எனக்கு எதுவும் தெரியாது.

7.20க்குப் போய்ச் சேர்ந்தேன். நல்ல வெயில். சுவருக்குப் புது வர்ணம், பூந்தொட்டி, தூரநோக்கு எழுதிய பெரிய பலகை. 7.30க்கு மணி அடித்தது, கேட்டைப் பூட்டினார்கள். அடுத்த இருபது நிமிடத்தில் கேட்டுக்கு வெளியே ஏழு பிள்ளைகள் சேர்ந்துவிட்டார்கள். ஏழும் பெண் பிள்ளைகள். கடைசியாக ஓடி வந்தவளின் வெள்ளைச் சட்டைத் தோளில் பிஸ்கட் எச்சில் ஒட்டியிருந்தது. எட்டரைக்குக் கேட் திறந்தது. ஆனால் வரவு இடாப்பு திறக்கவில்லை. ஏழு பேருக்கும் வரவில்லை என்றே பதிவு.

அதிபர் அன்பானவர், அதையும் சொல்லிவிடுகிறேன். தேத்தண்ணி தந்தார், கோப்புகளைத் தந்தார், போட்டோ எடுத்துக்கொள்ளச் சொன்னார். அவரும் தோட்டத்தில் பிறந்தவர்தான், அம்மா இறப்பர் மரத்தில் பால் வெட்டினவர் என்று பெருமையாகச் சொன்னார். பிறகு சுவரிலிருந்த வரைபடத்தைக் காட்டினார்.

"பாருங்க டீச்சர். மத்த எடத்துல மழ பெஞ்சா வரவு கொறையும். நம்ம இஸ்கூல்ல கூடுது. கேட்டு நேரத்தக் கண்டிப்பாக்குன பொறகு புள்ளைகளுக்கு வந்த பொறுப்பு இது."

நான் அதை அப்படியே குறித்துக்கொண்டேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. எங்கள் தேயிலையில் மழையோ வெயிலோ கொழுந்து எடுத்தே ஆக வேண்டும். அதனால் எனக்கு உறைக்கவே இல்லை.

இடைவேளையில் அந்தத் தோளில் எச்சில் பட்ட பிள்ளையிடம் பேசினேன். பெயர் தர்ஷினி, பதினோராம் வகுப்பு. ஏன் பிந்தினாய் என்று கேட்டேன்.

"அம்மாவும் அப்பாவும் ஆறு மணிக்கே பால் வெட்டப் போயிருவாங்க டீச்சர். தம்பிக்கு ரெண்டு வயசு. பிள்ளைக்காம்பரா ஏழரைக்குத்தான் தொறக்கும். அவன அங்க விட்டுட்டு ஓடியாரேன்."

"மழை நாளில்?"

"மழன்னா மரம் நனைஞ்சிரும், பால் வெட்டு இல்ல. அம்மா வீட்ல இருப்பாங்க. நான் ஏழு மணிக்கே வந்துருவேன்."

அவ்வளவுதான். பொறுப்பும் இல்லை, தலைமைத்துவமும் இல்லை. தோட்டத்துப் பிள்ளைக் காப்பகம் திறக்கிற நேரமும் பாடசாலை பூட்டுகிற நேரமும் ஒன்று. இடையிலுள்ள ஒன்றரைக் கிலோமீற்றரைக் கண்மூடித் திறப்பதற்குள் ஓடி வரச் சொல்கிறது திட்டம். இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு கேள்வி போதுமானதாக இருந்தது. அந்தக் கேள்விகளைக் கேட்காமல் வர்ணப் பேனையால் கோடு கிழித்துச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். பற்றிக்கொண்டு வந்தது எனக்கு.

இதோடு முடியவில்லை. வரவு குறைந்த பிள்ளைகளின் சாதாரண தரப் பரீட்சை விண்ணப்பத்தில் கையெழுத்து வைப்பதில்லை என்று அந்தப் பாடசாலை தனக்கென ஒரு விதி போட்டிருக்கிறது. விண்ணப்பம் அனுப்ப அன்றுதான் கடைசி நாள். தர்ஷினியின் படிவம் கையெழுத்தில்லாமல் மேசையில் கிடந்தது.

பதினொன்றரைக்கு அவளுடைய அம்மா வந்தார். வேலையைப் பாதியில் விட்டு, அன்றைக்கு அரைப்பேர்தான், பாதிச் சம்பளம்தான் என்று தெரிந்தே வந்திருக்கிறார். கையெல்லாம் காய்ந்த இறப்பர் பால். நாற்காலியில் உட்காரவில்லை.

"சேர், ஒரு கையெழுத்துதானே. தம்பியக் காம்பராவுல விட்டுட்டு வரத்தான் பிந்துது. இவ நல்லாப் படிக்கிற புள்ளைங்க."

"அம்மா, விதின்னா விதிதான். வேணும்னா தனியா விண்ணப்பம் போடட்டும். காம்பரா நேரத்த அடுத்த வருஷத் திட்டத்துல சேர்த்துக்குவோம்."

அடுத்த வருஷம்! அதற்குள் இந்தப் பிள்ளை கொழும்பில் யார் வீட்டிலாவது பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும். விருந்தாளி வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்பது எனக்கும் தெரியும். மூட முடியவில்லை.

"சேர், உங்கள யாரு காம்பராவுல கொண்டுபோய் விட்டாங்க?"

"அக்காதான்."

"அவங்க எத்தனாம் வகுப்பு வரைக்கும் படிச்சாங்க?"

  மேசையைப் பார்த்துக்கொண்டே, "அஞ்சு" என்றார். படிவத்தை இழுத்துக் கையெழுத்துப் போட்டார். அம்மா இரண்டு கையாலும் வாங்கினார். தாளில் பால்கறை படாமல் நுனியில் பிடித்துக்கொண்டார்.

கேட் விஷயம் என்ன என்று விடாமல் கேட்டேன். மேலிடத்தில் ஒப்புதல் வாங்கிய திட்டம், எழுதிக் கேட்டுத்தான் மாற்ற வேண்டும் என்றார். பூட்டுவதற்கு முன்னால் பெற்றோர் யாரிடமும் கேட்ட மாதிரித் தெரியவில்லை. போட்டோ எடுத்திருந்த பக்கங்களைத் திரும்பும் பஸ்ஸிலேயே அழித்துவிட்டேன்.

போகிற அதிபர்களுக்கு: வெயில் நாளில் போங்கள். மழை நாளில் போனால் உண்மையிலேயே அருமையான பாடசாலையைத்தான் பார்ப்பீர்கள். குடை வேண்டாம், அட்டைக்கு உப்பு எடுத்துப் போங்கள். திரும்பி வர த்ரீவீலை முன்கூட்டியே பேசி வையுங்கள், மேலே கிடைக்காது. அலுவலகத்துக்குள் போவதற்கு முன்னால் அரைமணி நேரம் கேட்டுக்கு வெளியே நில்லுங்கள், கோப்பில் இல்லாதது அங்கே நிற்கும். பாடசாலையை மேம்படுத்த வேண்டுமென்றால் முதலில் பிள்ளைகள் வருகிற வழியில் ஒரு நாள் நடந்து பாருங்கள். அதற்குப் பயிற்சிப் பட்டறை தேவையில்லை, செருப்பு போதும்.

அன்று வெளியே நின்ற ஏழு பேரில் பதினோராம் வகுப்புக்காரிகள் நாலு பேர். மற்ற மூன்று படிவங்களையும் நான் கேட்டேன். "அவங்க பெற்றோரும் வந்து கேக்கட்டும்" என்றார் அதிபர். அலுவலகம் ஒன்றரைக்கு மூடும். நான் புறப்பட்டபோது ஒரு மணி இருபது. அந்த மூன்று அம்மாக்களும் இன்னும் பால் நிறுக்கிற வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள்.