காலுக்கு ஒரு டோக்கன்

என் மனைவிக்கு அரண்மனையில் வேலை. கல்யாணமான புதிதில் என் அக்காவிடம் இதைச் சொன்னவன் நான்தான். பொய் இல்லை. அரண்மனையின் மரத்தரை தேய்ந்துவிடக் கூடாதென்று எல்லோரும் வாசலிலேயே செருப்பைக் கழற்ற வேண்டும். அதை வாங்கி அடுக்கி, டோக்கன் கொடுத்து, திரும்பி வரும்போது எடுத்துத் தருவது அவள் வேலை. ‘வாசலில்’ என்ற ஒரு சொல்லை மட்டும் நான் விழுங்கிவிட்டேன். மேசை, நாற்காலி, மணியடித்தால் ஓடிவரும் ஆள் எல்லாவற்றையும் அக்கா அவளாகவே கற்பனை செய்துகொண்டாள்.

எங்கள் ஊர் மலை மேல் இருக்கிறது. ஒரு ராஜா அரண்மனை கட்டினால், அடுத்தவர் அதற்கும் மேலே போய் ஒன்று கட்டியிருக்கிறார். இப்படி ஐந்து. மூச்சு வாங்குவதைப் பற்றி ஒருத்தருக்கும் கவலை இருந்ததாகத் தெரியவில்லை. கீழ் பஸ் நிலையத்திலிருந்து மினி பஸ்ஸில் ஆட்களை ஏற்றிக்கொண்டு போய் மேலே விடுவது என் பிழைப்பு. அரண்மனை திறந்திருக்கும்போது எங்கள் இருவருக்கும் வேலை, வேலை முடியும்போது அரண்மனைக்குப் பூட்டு. ஆகவே ஊரைப் பார்க்க உலகமே வந்துபோனாலும் நாங்கள் உள்ளே எட்டிப் பார்த்ததில்லை.

போன மாதம் அக்கா போன் செய்தாள். “ஞாயித்துக்கிழமை வரேன்டா. உன் பொண்டாட்டியே சுத்திக் காட்டட்டும். அவளுக்குத் தெரியாத மூலையா?”

மனைவி என்னை முறைத்தாள். “அண்ணிகிட்ட உண்மையைச் சொல்லிடுங்க.”

“நீயே சொல்லிடேன்.”

“யாரு ஆரம்பிச்சது?”

சொல்ல எங்கள் இருவருக்குமே தைரியம் இல்லை. அக்காவின் வாயில் விழுந்தால் எழுந்திருப்பது கஷ்டம். நான் எட்டாம் வகுப்பில் ஃபெயிலானது அவளுடைய பேரன்களுக்குக்கூடத் தெரியும். ‘செருப்பு பாத்துக்கிறவ’ என்று ஒரு தடவை பெயர் வைத்துவிட்டால், சொந்தக்காரர் வீட்டு விசேஷம் எதிலும் என் மனைவி தலைநிமிர்ந்து உட்கார முடியாது.

ஞாயிற்றுக்கிழமை அக்கா அரண்மனை வாசலுக்கு வந்து சேர்ந்தாள். வந்ததுமே, “வீட்டு வாசல்ல கார்ல ஏறினா, போற வாசல்லதான் இறங்குவேன். பஸ்ஸு உடம்புக்கு ஆகல” என்றாள். மனைவியின் இடத்தில் அன்று டிக்கெட் கிழிக்கிறவரை உட்கார வைத்திருந்தோம். அவருக்கு விடுமுறை நாள், நானும் பஸ்ஸுக்கு லீவு போட்டிருந்தேன். மனைவியை யாரென்றே தெரியாதது போல் நடந்துகொள்ள வேண்டும் என்று சொல்லி வைத்திருந்தோம். அதை மட்டும் அந்த மனிதர் ஒழுங்காகச் செய்தார்.

உள்ளே போனதும் மனைவி வழிகாட்டினாள். “இது ராஜா உக்கார்ற இடம், அண்ணி.”

“அது?”

“அது... நிக்கிற இடம்.”

“அப்ப இது?”

“உக்காந்தும் நின்னும் சலிச்சுப்போனா இங்க வருவாரு.”

அக்கா பக்தியோடு தலையாட்டினாள். அடுத்த கூடத்தில் ஆளுயரப் படம் ஒன்று. எல்லோரும் ராஜாவின் கிரீடத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, மனைவியின் கண் பழக்கதோஷத்தில் நேராகக் காலுக்குப் போனது.

“என்னங்க இது, ராஜாவுக்கு ரெண்டும் இடது கால் செருப்பா இருக்கு?”

கூட்டம் குனிந்தது. அவர்களை அழைத்து வந்த கைடு தன் பிரம்பை இறக்கிவிட்டுக் குனிந்தார். அவள் சொன்னது சரிதான். வரைந்தவர் ஒரே செருப்பை இரண்டு தடவை வரைந்து வைத்திருக்கிறார். “இத்தனை வருஷமா நான் பாக்கலையே!” என்று கைடு கன்னத்தில் கை வைத்தார். அக்கா பக்கத்திலிருந்தவர்களிடம், “என் தம்பி சம்சாரம். இங்கதான் பெரிய வேலை” என்றாள். என் மனைவி அவ்வளவு அழகாகச் சிரித்து நான் பார்த்ததில்லை. எனக்கும் பெருமை தாங்கவில்லை.

அந்தப் பெருமை ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. கேமராவைத் தொங்கவிட்டுக்கொண்டு ஒரு நெட்டை மனிதர் என் மனைவியிடம் வந்தார். “அக்கா, நேத்து நீங்கதானே செருப்பு வாங்கி வச்சீங்க? இன்னைக்கு வேற ஆள் இருக்காரு. ரெண்டு டோக்கன் குடுத்தாரு, ஒண்ணு எங்கயோ விழுந்துடுச்சு. இப்ப ஒரு செருப்புதான் கிடைக்குமா?”

அக்கா மெதுவாகத் திரும்பினாள். “செருப்பு வாங்கி வைக்கிறதா?” என்றாள். பிறகு, “ஓஹோ!” என்றாள். ஊர் முழுக்கப் போகப்போகிற ‘ஓஹோ’ அது.

மனைவிக்கு அது காதில் விழவில்லை. “ரெண்டு டோக்கனா!” என்று வாசலுக்கு ஓடினாள்.

அங்கே இருநூறு பேர் வெறுங்காலோடு கத்திக்கொண்டிருந்தார்கள். டிக்கெட்காரர் நடுவில் நின்று நியாயம் பேசினார். “அங்க தலைக்கு ஒரு டிக்கெட். இங்க தலை ஏது? காலுக்கு ஒரு டோக்கன் குடுத்தேன். இது ஒரு தப்பா?” பாதி ஆட்களோடு டோக்கன் தீர்ந்துவிட, மீதிப் பேரின் செருப்புகளைக் குப்பைபோல் குவித்து வைத்திருந்தார்.

மனைவி தன் செருப்பை மாட்டிக்கொண்டு குவியலுக்குள் இறங்கினாள். டோக்கனை அவள் கேட்கவே இல்லை. ஆளைப் பார்த்தாள், பாதத்தைப் பார்த்தாள், எடுத்து நீட்டினாள். “நீங்க வலது காலை இழுத்து நடக்கறீங்க, இது உங்களுது. சின்ன விரல் வெளிய தள்ளியிருக்கு, இதை எடுத்துக்கோங்க.” ஒன்றுகூடத் தப்பவில்லை. அரை மணி நேரத்தில் வாசல் காலியானது. அக்கா வாயைத் திறந்தபடி நின்றாள்.

கடைசியாக ஒரே ஒரு ஜோடி மிஞ்சியது. அடி காகிதமாகத் தேய்ந்திருந்தது. வலது குதிகாலில் ஓட்டை. வார் அறுந்து ஊக்கு போட்டிருந்தது. நாள் தவறாமல் நெடுந்தூரம் நடக்கிறவருடைய செருப்பு அது. வெறுங்காலோடு நின்ற ஆளும் ஒருத்திதான் மிச்சம்.

“அது என்னுது இல்ல” என்றாள் அக்கா, யாரும் கேட்காமலே.

டிக்கெட்காரர் வாயைத் திறந்தார். நான் அவர் காலை மிதித்தேன். இத்தனை வருட அக்காவின் பேச்சுக்கெல்லாம் சேர்த்துத் திருப்பிக் கொடுக்க என் மனைவிக்கு ஒரு வார்த்தை போதும். நானாக இருந்தால் கொடுத்திருப்பேன்.

அவள் அந்த ஜோடியைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் கீழே வைத்தாள். “யாரோ உங்க நல்ல செருப்பைப் போட்டுட்டுப் போயிட்டாங்க அண்ணி. எங்க ஆள் பண்ணின குளறுபடி. நீங்க இதைப் போட்டுக்கோங்க” என்று தன் காலில் இருந்ததைக் கழற்றி அக்காவின் முன் வைத்தாள். தேய்ந்ததை எடுத்துத் தான் மாட்டிக்கொண்டாள்.

மூவரும் பஸ் நிலையத்துக்குப் படியிறங்கினோம். காரைப் பற்றி அக்கா பேச்சே எடுக்கவில்லை. பாதி வழியில் நின்று மனைவியின் கையைப் பிடித்தாள்.

“அது என்னுதுதான். கழட்டிக் குடு. கல்லு குத்தும் உனக்கு.”

“தெரியும் அண்ணி. பாத்து இறங்குங்க, பஸ்ஸு போயிடப் போகுது.”