ஓடும், ஓடாது

கிழக்கிலங்கையில், எங்கள் பக்கத்தில், ஆம்பிளைக்கு இரண்டு ஊர். பிறந்தது ஒன்று, கல்யாணம் முடித்துப் போய்க் குடியிருப்பது இன்னொன்று. பெண் தன் வீட்டை விட்டு நகர மாட்டாள். மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். நான் அட்டாளைச்சேனையில் பிறந்து கல்முனைக்கு மாப்பிள்ளையாகப் போனவன். வேலை மட்டும் பிறந்த ஊரிலேயே, ஓர் அலுவலகத்தில், கோப்புகளுக்கு நடுவே. காலையில் பஸ் ஏறினால் அட்டாளைச்சேனை, பின்னேரம் பஸ் ஏறினால் கல்முனை. இந்த அலைச்சலில் மற்றவர்கள் முதுகு வலி வாங்குவார்கள். நான் பெயர் வாங்கினேன்.

என்ன பெயர் என்றால், கோடி கோடியாகக் கொட்டி எடுக்கிற படங்களில் எது ஓடும், எது ஓடாது என்று படம் வருமுன்பே சொல்லிவிடுகிற ஆள் என்ற பெயர். கல்முனையில் நான் முடி வெட்டுகிற சலூனிலும், அட்டாளைச்சேனையில் அலுவலகத்துக்கு முன்னால் உள்ள தேத்தண்ணிக் கடையிலும் என் சொல்லுக்கு இருந்த மதிப்பு, என் மேலதிகாரியின் சொல்லுக்குக்கூடக் கிடையாது. நான் கதவால் நுழைந்தால் யாராவது ஓர் ஆள் போனை நீட்டி, டீசரைக் காட்டி, என் முகத்தைப் பார்ப்பான். நான் உடனே சொல்லிவிட மாட்டேன். தேத்தண்ணியை ஒரு தரம் ஆற்றிக் குடித்துவிட்டுத்தான் வாயைத் திறப்பேன்.

இப்போது உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. நான் செய்ததெல்லாம், ஓர் ஊரில் ஓடும் என்று சொன்னால் மற்ற ஊரில் ஓடாது என்று சொன்னதுதான். இரண்டில் ஓர் ஊரிலாவது சரியாக வந்துதானே ஆக வேண்டும்? ஒவ்வொரு படத்துக்கும் ஊரை மாற்றிக்கொள்வேன், எப்போதும் ஒரே பக்கம் சாய்கிறவன் என்ற பெயர் வந்துவிடக் கூடாது என்பதற்காக. காரணங்களும் கைவசம் இருந்தன. சலூனில், "இவ்வளவு காசைக் கொட்டினவன் படத்தை வீணாகப் போக விடுவானா?" என்பேன். அடுத்த நாள் தேத்தண்ணிக் கடையில், "இவ்வளவு காசைச் செட்டுக்குக் கொட்டினவனுக்குக் கதை எழுத எங்கே காசு மிஞ்சும்?" என்பேன். இரண்டையும் சொல்லும்போது இரண்டையும் நம்பித்தான் சொன்னேன் என்பது இதில் வேடிக்கை.

எழுத்தில் மட்டும் எதையும் போட மாட்டேன். பேஸ்புக்கில் எழுதினால் இரண்டு ஊரும் வாசிக்கும். வாயால் சொன்னது இடையில் கிடக்கிற நிந்தவூரைத் தாண்டாது.

சொன்னது பிழையாகிப்போன ஊரில் ஒரு கிழமைக்கு என் தலை தெரியாது. அட்டாளைச்சேனையில் பிழைத்தால் காய்ச்சல் என்று லீவு எழுதிக் கொடுப்பேன். கல்முனையில் பிழைத்தால் எனக்கு உம்மா பாசம் வந்துவிடும். உம்மாவைப் பார்த்து எத்தனை நாள் என்று கண் கலங்கி, உடுப்பை எடுத்துக்கொண்டு அட்டாளைச்சேனைக்குப் போய் நாலைந்து நாள் தங்கிவிடுவேன். என் மனைவி பக்கத்து வீட்டுப் பெண்களிடம் இப்படியொரு பிள்ளையைப் பெற உம்மா குடுத்து வைத்திருக்க வேண்டும் என்று சொல்லுவாள். நான் திரும்பி வரும்போது அந்தப் படத்தை எல்லோரும் மறந்திருப்பார்கள். சரியாக வந்ததை மட்டும் யாரும் மறக்க மாட்டார்கள். மனிதர்களின் இந்த நல்ல குணத்தில்தான் என் பிழைப்பு ஓடியது.

இப்படிப் போய்க்கொண்டிருந்ததைக் கெடுத்தது ஒரு சேட்டு, உடம்பில் போடுகிற சட்டை.

என் மனைவியின் தம்பி, எனக்கு மச்சான், கட்டாரில் நாலு வருடம் வெயிலில் நின்றுவிட்டு வந்து, கல்முனை பஸாரில் ஒரு சிறிய உடுப்புக் கடை போட்டான். கடைக்கு அதுதான் முதல் நோன்புப் பெருநாள். எங்கள் பகுதியில் ஒவ்வொரு பெருநாளுக்கும் இளைஞர்களுக்கு ஒரு படத்துச் சேட்டு உண்டு. கதாநாயகன் என்ன போட்டிருக்கிறானோ அதே நிறம், அதே தையல். படம் ஓடினால் அந்தச் சேட்டு கிடைக்காமல் அடிபடுவார்கள். படம் படுத்தால் அதே சேட்டை இனாமாகக் கொடுத்தாலும் தொட மாட்டார்கள்; தோற்ற படத்தின் சேட்டோடு பெருநாள் தொழுகைக்குப் போனால் பகிடி பண்ணியே கொன்றுவிடுவார்கள். ஆனால் கொழும்பு, புறக்கோட்டை மொத்த வியாபாரிக்கு நோன்பு தொடங்கு முன்பே ஓடர் கொடுத்தாக வேண்டும். படமோ நோன்பின் கடைசிக் கிழமையில்தான் வெளிவரும். அதனால் எங்கள் ஊர் உடுப்புக் கடைக்காரனுக்குத் துணியைப் பற்றித் தெரிவதைவிடப் படத்தைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும்.

அந்த வருடத்துப் படத்தில் கதாநாயகன் கிளிப்பச்சைச் சேட்டில் வந்தான். தோளில் கறுப்புப் பட்டி. மச்சான் போனைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டு, சாப்பிட்டு முடியும் வரை மரியாதையாகக் காத்திருந்தான். அவன் நாலு வருடத்துச் சம்பாத்தியம் அந்தக் கடையில் இருப்பது எனக்குத் தெரியும். ஆனால் அன்று காலையில்தான் அட்டாளைச்சேனைத் தேத்தண்ணிக் கடையில், அந்தப் படம் ஓடாது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட்டு வந்திருந்தேன். கல்முனைக்கு மிச்சம் இருந்தது ஒன்றுதான். ஓடும் என்றேன். அவன் அடுத்த நாளே இரண்டு பெரிய பொதிக்கு ஓடர் கொடுத்தான். நானும் வெட்கமில்லாமல் சலூனுக்குப் போய் அங்கேயும் ஓடும் என்று ஊதிவிட்டு வந்தேன்.

நோன்புக்குச் சில நாள் முன்பு, அட்டாளைச்சேனையில் என் ராத்தாவின் மகளுக்குக் கல்யாணம். மனைவி வீட்டார் எல்லோரும் வந்திருந்தார்கள். எங்கள் விருந்துகளில் ஒரு பெரிய தட்டு நிறையச் சோறு வைத்து, சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து சாப்பிடுவோம். அதற்குச் சஹன் என்று பெயர். ஆறு பேர் சேராமல் மூடியைத் திறக்க மாட்டார்கள். ராத்தா எனக்கு மூத்தவள், நான் பெண்ணுக்குத் தாய்மாமா. வந்தவர்களை இருத்துகிற வேலை என்னுடையது. ஒரு சஹனுக்கு ஓர் ஆள் குறைந்து, ஐந்து பேர் பசியோடு மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் என் மச்சான் ஒருவன். யார் எவர் என்று மற்றவர்களைச் சரியாகப் பார்க்காமல், ஆறாவது ஆளாக நானே உட்கார்ந்துவிட்டேன்.

மூடியைத் திறந்த பிறகுதான் நேர் எதிரே இருந்தவரைக் கவனித்தேன். அட்டாளைச்சேனையில் உடுப்புக் கடை வைத்திருப்பவர். அந்தத் தேத்தண்ணிக் கடையில் எனக்குப் பக்கத்து வாங்குப் பலகையில் தினமும் இருக்கிற மனுசன். எழுந்து போகவும் முடியாது. சஹனில் கை வைத்தவன் இடையில் எழுந்தால் சோற்றில் குறை என்று அர்த்தமாகிவிடும், சோறோ என் ராத்தா வீட்டுச் சோறு. நான் பொரித்துப் புளிப்பாகச் செய்த கத்தரிக்காய் மோச்சைப் புகழ்ந்தேன். வெயிலைப் பற்றிக் கதைத்தேன். வேளாண்மை எப்படி என்று, வயலே இல்லாத ஓர் ஆளிடம் விசாரித்தேன். எதுவும் உதவவில்லை. கடைக்காரர்கள் இருவரும் தொழிலைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினார்கள்.

"இவர நம்பித்தான் தம்பி, இந்தப் பெருநாளைக்கி அந்தப் பச்சச் சேட்டுப் பக்கமே நான் போகல்ல," என்றார் அவர், என்னைப் பெருமையாகக் காட்டி. "படம் ஓடாதெண்டு அடிச்சிச் சொல்லிட்டாரு."

மச்சானின் கை சோற்றில் அப்படியே நின்றது. பிறகு அவன் ஒரு நல்ல இறைச்சித் துண்டை எடுத்து என் பக்கம் தள்ளி வைத்தான். விருந்தில் பெரியவருக்கு அப்படித் தள்ளுவது வழக்கம்தான். மெல்லிய குரலில், தான் இரண்டு பொதி எடுத்திருப்பதாகவும், எடுக்கச் சொன்னது இவர்தான் என்றும் அவரிடம் சொன்னான். அவர் என்னைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், கடைசியில் வைத்த இனிப்பான வட்டிலப்பத்தைப் பிசைந்தார்.

கை கழுவுகிற இடத்தில் மச்சான் என்னைப் பிடித்தான். கோபப்பட்டிருந்தால் நானும் திருப்பிக் கோபப்பட்டுத் தப்பியிருப்பேன். அவன் கோபப்படவில்லை.

"மச்சான், அந்த ஊருக்கும் வேணாம், இந்த ஊருக்கும் வேணாம்," என்றான். "எனக்கு மட்டும் சொல்லுங்க. படம் ஓடுமா, ஓடாதா?"

இத்தனை வருடத்தில் அந்தக் கேள்வியை நான் என்னிடமே கேட்டதில்லை. மூன்று நாள் தவணை கேட்டேன்.

அந்த மூன்று நாளும் நான் உழைத்த உழைப்பை அலுவலகத்தில் காட்டியிருந்தால் எப்போதோ பதவி உயர்ந்திருக்கும். டீசரைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். கதாநாயகன் ஓடுகிற காட்சியில் மூச்சு வாங்குகிறானா என்று கவனித்தேன். படத்தின் பாட்டு எந்த ஆட்டோவிலாவது கேட்கிறதா என்று பஸாரில் வெயிலில் நின்றேன். இயக்குநரின் பேட்டிகளைக் கேட்டேன். செட் போட எவ்வளவு போனது என்பதைப் பத்துத் தரம் சொன்னார், கதை என்ன என்பதை ஒரு தரமும் சொல்லவில்லை. மகளின் பரீட்சைக்குக்கூட இப்படி விழித்திருக்கவில்லையே என்று மனைவி கேட்டாள். அவளுக்குப் பதில் சொல்ல எனக்கு நேரம் இருக்கவில்லை.

மூன்றாம் நாள் கடைக்குப் போனேன். பச்சைப் பொதிகள் மூலையில் கட்டவிழ்க்காமல் கிடந்தன. ஓடாது என்று சொன்னேன். குரல் நடுங்கியது. அந்த நடுக்கத்தைப் பார்த்துத்தான் அவன் நம்பினான் என்று பிறகு மனைவியிடம் சொல்லியிருக்கிறான். என் வாழ்க்கையில் மனமறிந்து சொன்ன ஒரே கணிப்பு அதுதான். சொல்லிவிட்டு வரும்போது, நோன்பு திறந்து முதல் மிடறு தண்ணீர் குடித்ததுபோல ஒரு நிம்மதி.

அடுத்த கிழமையே அட்டாளைச்சேனைக் கடைக்காரர் மச்சானுக்குப் போன் எடுத்து, அந்தச் சேட்டு முழுவதையும் வாங்கின விலைக்கே தான் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். சஹனில் இருந்து வட்டிலப்பம் பிசைந்த நேரத்தில் மனுசன் கணக்குப் போட்டிருக்கிறார்: ஊராருக்குச் சொன்னது தந்திரம், சொந்த மச்சானுக்குச் சொன்னதுதான் உண்மை. அப்படியானால் படம் ஓடும். மச்சானுக்கு நம்ப முடியவில்லை. அல்லாஹ்வாகப் பார்த்து அனுப்பிய ஆள் என்று, அவர் மனம் மாறுமுன் அன்றே லொறி பிடித்துப் பொதிகளை ஏற்றிவிட்டான். நானும் ஒரு கை பிடித்து ஏற்றினேன்.

நோன்பு மாதத்தில் எங்கள் ஊரில் யாரும் படம் பார்க்க மாட்டார்கள். ஆனால் எந்தப் படம் எங்கே எவ்வளவு அள்ளியது என்பது, இரவில் தறாவீஹ் தொழுதுவிட்டுப் பள்ளிவாசல் வாசலில் செருப்புத் தேடுகிற நேரத்திலேயே எல்லோருக்கும் தெரிந்துவிடும். அப்படித்தான் எனக்கும் தெரிந்தது. படம் ஓடவில்லை, பறந்தது. அடுத்த நாள் காலையிலிருந்து மச்சானின் கடைக்குப் பொடியன்கள் வந்து பச்சைச் சேட்டு இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். இல்லை என்று சொல்லிச் சொல்லி அவன் வாய் வலித்திருக்கும். அவர்கள் பஸ் ஏறி அட்டாளைச்சேனைக்குப் போனார்கள். அவன் சாதாரணக் கோடு போட்ட சேட்டுகளை விற்று அந்தப் பெருநாளை ஒப்பேற்றினான். முதல் பெருநாளுக்குக் கடை வாசலில் கூட்டம் நிற்கும் என்று அவன் கட்டாரில் இருந்தே கண்ட கனவு, கூட்டமாக வந்து கூட்டமாகவே திரும்பிப் போனது.

எனக்கு வழக்கம்போல உம்மா பாசம் வந்தது. ஆனால் எங்கே போவது? உம்மாவின் ஊர் முழுக்கக் கிளிப்பச்சையாக இருந்தது.

பெருநாள் காலையில் மச்சான் என் அறை வாசலில் ஒரு பையோடு நின்றான். பொதியை அனுப்பும்போது என் அளவுக்கு ஒன்றை எடுத்து வைத்திருக்கிறான். அப்போது அதைத் தோற்ற படத்தின் சேட்டு என்றுதான் நினைத்திருப்பான். எனக்குப் போட்டுவிட்டுச் சிரிக்கலாம் என்று எடுத்திருப்பான். இப்போது அவனிடம் மிச்சம் இருந்த ஒரே பச்சைச் சேட்டு அதுதான். அதை நீட்டினான். வாங்கிப் போட்டுக்கொண்டேன். நாற்பத்தெட்டு வயதில், வயிறு பட்டன்களோடு மல்லுக்கட்ட, கடற்கரைத் தொழுகைக்கு அவன் பக்கத்தில் நடந்து போனேன்.

தொழுகை முடிந்து எல்லோரும் கட்டித் தழுவிக்கொண்டிருந்தோம். சலூன்காரர் ஓடி வந்தார். பின்னால் நாலைந்து பேர். என் சேட்டைப் பார்த்ததும் அவர்களுக்கு உற்சாகம் தாங்கவில்லை. நோன்புக்கு முன்பே, ஒருவருக்கும் தெரியாத காலத்திலேயே நான் இந்தப் படம் ஓடும் என்று சலூனில் வைத்துச் சொன்னதை, ஒருவர் விட்ட இடத்திலிருந்து மற்றவர் எடுத்துச் சொன்னார்கள். இப்படியொரு மச்சான் வீட்டிலேயே இருக்க உனக்கென்ன கவலை என்று என் மச்சானின் முதுகில் தட்டினார்கள். பொய்க்காக எனக்கு மாலை விழுகிறது. உண்மையை நம்பியவன் பக்கத்தில் வெறுங்கையோடு நின்று அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறான். மணல் பிளந்து என்னை விழுங்கினால் நல்லது என்று இருந்தது. அவன் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

அடுத்து வரப்போகிற பெரிய படம் என்ன மாதிரி என்று சலூன்காரர் கேட்டார். எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். வாய் பழக்கத்தில் திறந்துவிட்டது.

மச்சான் என் தோளில் கை போட்டான், அந்தக் கறுப்புப் பட்டிக்கு மேலே.

"சொல்லுங்க மச்சான்," என்றான். "ரெண்டையும் சொல்லுங்க."